பிரிக்கிற வேலை

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பக்கம் பழைய வீட்டை இடிக்கப் போகிறோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "பிரிச்சுக் கட்டப் போறோம்" என்பார்கள். மங்கலத்துக்காகச் சொல்வதுதான். என் அப்பா அதைத் தொழிலின் பெயராகவே எடுத்துக்கொண்டார். புது ஆள் வந்த வேகத்தில் சம்மட்டியை ஓங்கினால், "இடிக்க வந்தியா, பிரிக்க வந்தியா?" என்று கேட்டு, அதைப் பிடுங்கி வைத்துவிட்டு உளியும் சுத்தியலும் கொடுப்பார். கொத்தனார் கடைசியாக வைத்ததை நாம் முதலில் எடுக்க வேண்டும். அவர் சொல்லிக்கொடுத்த பாடம் அவ்வளவுதான். அது கைக்கு வர எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

மெட்ராஸ் டெரஸ் வீட்டில் கடைசியாக வைத்தது மாடித் தட்டோடு. அதன் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டுக் கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கியது. அதற்கும் கீழே சின்னச் சின்னச் செங்கல், மூலைவாட்டில் செங்குத்தாக அடுக்கியது. அத்தனையையும் தாங்குவது வரிசையாகக் கிடக்கிற தேக்குக் கட்டைகள். 100 சதுர அடிக்குச் சுமார் 3 டன் எடை. கூடத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு அழகான மரவரிசைதான் தெரியும், எடை தெரியாது.

இந்த மாதிரி வீட்டுக்கு நாங்கள்தான் வீட்டுக்காரருக்குப் பணம் கொடுப்போம். தேக்கும் கதவு ஜன்னலும் கல்தூணும் எங்களுக்கு. அதனால் கட்டையை எப்போது உருவலாம் என்று கை அரிக்கும். முதலில் காரையைக் கொத்தி இறக்கி, செங்கல்லை வரிசை வரிசையாக எடுத்து, சுமை முழுக்க இறங்கிய பிறகுதான் கட்டையைத் தொட வேண்டும். ஆள் நிற்பது செங்கல்மேல் அல்ல. இரண்டு மூன்று கட்டைகளுக்குக் குறுக்கே போட்ட பலகைமேல். கொத்திய காரையை மாடியிலேயே குவித்து வைத்து, சாயங்காலம் மொத்தமாகத் தள்ளலாம் என்று நினைக்கிற மேஸ்திரியிடம் நான் ஆள் அனுப்ப மாட்டேன். உடைந்தது கூடைகூடையாக அப்போதைக்கப்போது இறங்க வேண்டும், தண்ணீர் தெளித்துக்கொண்டே.

கட்டையின் நடுப்பாகத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. நடுவே ஆணி இறங்காத தேக்கு, சுவருக்குள் போன முனை மாவாக இருக்கும். மழைநீர் ஊறுவதும் கரையான் குடியிருப்பதும் அங்கேதான். வேலை தொடங்குமுன் ஒவ்வொரு முனையையும் உளியால் குத்திப் பார்த்து, சந்தேகமான இடத்தில் கீழே முட்டு கொடுப்பேன். அதற்கே ஒரு நாள் போகும். "இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். ஆரம்பித்துவிட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டார்.

சுவர் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அவமானமானது. பொதுச்சுவர் வைத்த வரிசை வீடு ஒன்று. கூரையை எடுத்தாயிற்று, தெருப்பக்கச் சுவரை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று பன்னிரண்டு அடி உயரத்தில் தனியாக விட்டுவிட்டு வந்தேன். வெளியே கண்ணாடி மாதிரிச் சுண்ணாம்புப் பூச்சு. உள்ளே மண் சாந்து. கூரை இருந்தவரை மேலிருந்து அழுத்திப் பிடித்திருந்தது. இரவு மழை திறந்த தலைவழியாக உள்ளே இறங்கியது. விடியற்காலை சுவர் தெருவில் கிடந்தது. பால்காரர் அந்த இடத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்ததாம். பக்கத்து வீட்டுப் பாட்டி என்னைத் திட்டவில்லை. "நல்லவேளைப்பா" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து, முட்டில்லாத சுவர் எதையும் நெஞ்சு உயரத்துக்கு மேல் ராத்திரி நிற்க விடுவதில்லை.

பொதுச்சுவரில் இன்னொரு சிக்கல். நம் வீட்டுக் கட்டையும் பக்கத்து வீட்டுக் கட்டையும் ஒரே சுவரில், சில சமயம் ஒரே பொந்தில், முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இந்தப் பக்கம் நெம்பினால் அந்தப் பக்கம் பூஜை அலமாரி ஆடும். அங்கே கட்டையை உருவுவதில்லை. சுவரை ஒட்டி அறுத்து, முனையை அப்படியே விட்டு, பொந்தை அடைக்கிறோம். ஜேசிபிக்கு அந்தத் தெருவில் வேலையே கிடையாது. வேலைக்கு முன்பே பக்கத்து வீட்டுக்குள் போய், அவர்களை வைத்துக்கொண்டே, ஏற்கெனவே இருக்கிற விரிசல்களைப் படம் எடுத்துக்கொள்வேன். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

இப்போது சன்ஷேடு. பழைய வீட்டுக்குப் பின்னாளில் ஒட்டுப்போட்ட கான்கிரீட் அறைகளில் இது இருக்கும். ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பலகை எதன்மேலும் உட்கார்ந்திருக்கவில்லை. அதன் வால் சுவருக்குள் இருக்கிறது. வாலின்மேல் இருக்கிற சுவரின் எடைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. நிற்க வசதியாக இருக்கிறதே என்று அதன்மேல் ஏறி நின்று மேல்சுவரை உடைக்கிறார்கள். ஒரு வரிசை, இரண்டு வரிசை, மூன்றாவது வரிசை எடுத்ததும் பலகை ஆளோடு கவிழ்கிறது. எனக்குத் தெரிந்து இரண்டு பேர் இப்படிப் போனார்கள். ஒருவன் என்னோடு வேலை கற்றவன். மேல்சுவர் முழுதாக இருக்கும்போதே, கீழே முட்டுக் கொடுத்து, தனிச் சாரத்தில் நின்று, ஓரத்திலிருந்து சுவரை நோக்கி சன்ஷேடை உடைத்து எடுத்துவிட வேண்டும். பால்கனிக்கும் இதே கதைதான்.

காகித வேலையைப் பலர் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்களா, வழக்கோ தடையுத்தரவோ இருக்கிறதா, குடியிருந்தவர் முறையாகக் காலி செய்தாரா, மாநகராட்சி அனுமதி வந்ததா என்று பார்க்காமல் நான் முன்பணம் பேசுவதில்லை. மின்சாரத்துக்கு ஃபியூஸைப் பிடுங்கினால் போதாது. கம்பத்திலிருந்து வருகிற வயரே இறங்க வேண்டும். செப்டிக் டேங்க்கைச் சுத்தம் செய்யப் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். லாரி வைத்து உறிஞ்சிய பிறகே உடைப்பு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும். உடைத்தால் பறக்கிற தூசி நுரையீரலுக்குப் போய்ப் பல வருஷம் கழித்து வேலையைக் காட்டும். புதையலுக்குக்கூட 1878-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது: பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமானது கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். எனக்கு இதுவரை கிடைத்தது ஒரு பாக்குவெட்டி.

இடிக்கும்போது உயிருக்கு ஆபத்து வராதபடி போதிய ஏற்பாடு செய்யாமல் விடுவதே குற்றம், யாரும் சாக வேண்டியதில்லை. பழைய தண்டனைச் சட்டத்தில் 288-ஆவது பிரிவு. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 290. ஆறு மாதம் உள்ளே போகலாம். இடிப்பு வேலைக்கென்றே ஐ.எஸ். 4130 என்று இந்தியத் தரவிதி ஒன்றும் இருக்கிறது. அதைத் தாமதமாகத்தான் படித்தேன். கட்டிய வரிசைக்குத் தலைகீழாக, மாடி மாடியாக இறங்கி வா என்கிறது. அப்பா அதைப் படித்ததே இல்லை.

ரப்பீஷ் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் அதை அரைத்து மறுபடி பயன்படுத்த ஆலைகள் இருக்கின்றன. அப்படியிருந்தும் ராத்திரியில் லோடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பக்கம் போனால், கொடுத்த லாரி வாடகையில் மிச்சம் பிடித்தவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டைப் பிரிக்க ஆள் பேசும்போது ரேட்டைக் கேட்பதற்கு முன் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "சன்ஷேடை எப்போ எடுப்பீங்க?" மேல்சுவரைத் தொடுவதற்கு முன்னால் என்று உடனே பதில் வரவில்லையென்றால், அவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.