பூச்சோங் மேட்டில் நின்ற வண்டி

டிங்கிலிலிருந்து பெட்டாலிங் ஜெயா போக எங்களுக்குப் பூச்சோங்தான் வழி. ஒரு காலத்தில் பால்மரமும் ஈய லம்பமுமாக இருந்த ஊர். இன்று எங்கு பார்த்தாலும் அடுக்குமாடி. காசல்பீல்ட் தோட்டத்தின் பெயரை அங்குள்ள தமிழ்ப்பள்ளி இன்றும் தாங்கி நிற்கிறது. 1999-இல் திறக்கப்பட்ட டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலை ஊரின் நடுவே ஓடுகிறது. அதன் மேம்பாலம் ஒன்றில்தான் எங்கள் பழைய புரோட்டோன் சாகா மூச்சை விட்டது.

பின்னிருக்கையில் அம்மா. கண் மருத்துவரிடம் ஒன்பது மணிக்குத் தேதி. தவறினால் அடுத்த தேதிக்கு எத்தனை மாதமோ! சற்று நேரம் விட்டு முடுக்கினால் வண்டி கிளம்பும். சமதரையில் சாதுவாக ஓடும். மேடு கண்டால் இருமி நின்றுவிடும். இத்தனைக்கும் முந்திய வாரம்தான் ஒரு பட்டறையில் பெட்ரோல் பம்பு கெட்டுவிட்டதென்று சொல்லிப் புதிதாக மாட்டியிருந்தார்கள்.

எப்படியோ இறக்கி, பக்கத்துச் சந்திலிருந்த சிறு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் தோட்டத்தில் பிறந்தவர். கதையைக் கேட்டதும் சிரித்தார்.

“ஸ்டோரில் பால் ஊற்றும்போது சல்லடையில் கட்டி அடைத்தால் என்ன ஆகும், வாத்தியாரே?”

“சொட்டுச் சொட்டாய் இறங்கும், அண்ணே.”

“அதேதான் இது.”

சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த பையனை முதலில் வெளியே விரட்டினார். தீப்பொறி வராதபடி காயில் கம்பியைக் கழற்றினார். கார்புரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு போத்தலுக்குள் விட்டு, என்னை முடுக்கச் சொன்னார். பெட்ரோல் சோம்பலாக வந்தது. இந்த இடத்தில்தான் பலர் பம்பின்மேல் பழி போட்டுவிடுகிறார்கள். அவர் அடுத்த படிக்குப் போனார். டாங்கியிலிருந்து பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி, அந்த வாய்க்குச் சுத்தமான பெட்ரோல் டின்னிலிருந்து ஒரு குழாய் கொடுத்தார். மறுபடி முடுக்கியதும் பீய்ச்சி அடித்தது! பம்பு நல்ல பம்பு. வழியிலிருந்த வடிகட்டியை ஊதிப் பார்த்தார், அதுவும் சுத்தம். ஆகவே குற்றவாளி டாங்கிக்குள் இருக்கும் சல்லடை. மேட்டில் இஞ்சின் அதிகமாக உறிஞ்ச, துரு வந்து சல்லடையில் ஒட்டுகிறது, நிறுத்தினால் உதிர்ந்துவிடுகிறது. வண்டி ‘ஓய்வெடுத்துக்’ கிளம்பிய மர்மம் இதுதான். (பம்பின் உள்தோல் கிழிந்திருந்தால் இஞ்சின் எண்ணெயில் பெட்ரோல் வாடை அடிக்குமாம்.)

இந்தச் சோதனை கார்புரேட்டர் வண்டிக்கு மட்டுமே. புதிய வண்டிகளில் மின்பம்பு டாங்கிக்குள்ளேயே இருக்கிறது. குழாயில் அழுத்தம் அதிகம். கை வைக்கக் கூடாது.

டாங்கி மூடியைத் திறந்து வைத்து, குழாய் வழியே பின்னோக்கி மெல்லக் காற்றடித்து, “இப்போதைக்குப் போய் வாருங்கள், மாலையில் கழுவலாம்” என்றார். ஒன்பது இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். தாதி முணுமுணுத்துக்கொண்டே உள்ளே விட்டார்.

மாலையில் டாங்கியைக் கழுவியபோது பாதிப் பால்டின் அளவுக்குத் துரு. கழற்றிய பழைய பம்பை முதல் பட்டறையில் கேட்டு வாங்காமல் வந்தேனே என்று அப்போதுதான் உறைத்தது.

திரும்பும்போது வண்டி அதே மேம்பாலத்தை இருமாமல் ஏறியது. அம்மா சன்னல் பக்கம் திரும்பி, “இங்கேதானே உங்கள் பெரியம்மா மரம் சீவினாள்?” என்றார்.