'வேர் அவே'க்கு எங்கள் வீட்டில் ஓர் அர்த்தம்



முதலாமாண்டு ஆங்கில வகுப்பு. ஆசிரியர் கரும்பலகையில் 'வேர் அவே' என்று எழுதி, என்னை எழுப்பி அர்த்தம் கேட்டார். 'வேர்' என்றால் அணிவது, 'அவே' என்றால் தூரம். "சட்டையப் போட்டுக்கிட்டு தூரமாப் போறது சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. தமிழ் மீடியத்தில் படித்து, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் வேறென்ன சொல்வேன்?

ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "உராய்ந்து உராய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து மறைவது" என்று விளக்கினார். நம் ஒர்க் ஷாப் ஸ்டீல் ரூலில் எண்கள் அழிந்து கிடக்கிறதே, அதைத்தான் 'தி நம்பர்ஸ் ஹேவ் வோர்ன் அவே' என்று சொல்ல வேண்டும். வேர், வோர், வோர்ன் என்று மாறும். 'வேர் அவுட்' என்றால் தேய்ந்து உபயோகமற்றே போவது. செருப்பு, பேரிங் மாதிரி. 'வேர் டவுன்' மனிதருக்கும் பொருந்தும். விடாமல் தொல்லை கொடுத்து ஒருவரின் உறுதியைக் குலைப்பது.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆனால் உண்மையில் புரிந்தது ரேஷன் கடையில்தான்.

என் அப்பா அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிறவர். அரைத்து அரைத்து வழவழப்பாகிவிட்ட அம்மியில் மிளகாய் மசியாது, வழுக்கும். உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தினால்தான் சொரசொரப்பு திரும்ப வரும். மிக்சி, கிரைண்டர் வந்து அந்த வேலை குறைந்துவிட்டதால் கல் உடைக்கவும் போகிறார்.

அன்று கைரேகை மெஷினில் அப்பா கட்டைவிரலை வைத்தார். ஏற்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார். ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார். பின்னால் வரிசையில் முணுமுணுப்பு. "உனக்கு ரேகையே இல்லையேப்பா" என்றார் கடைக்காரர். நான் என் விரலை வைத்தேன். உடனே ஏற்றுக்கொண்டது.

எழுதத் தெரியாத அப்பாவுக்கு அந்த ரேகைதானே கையெழுத்து! எனக்குத் தொண்டை அடைத்தது.

வரும் வழியில் அந்த ஆங்கில வார்த்தையைச் சொல்லி, அர்த்தமும் சொன்னேன். அப்பா சிரித்தார். "கல்லு தேஞ்சா நான் கொத்திருவேன். வெரலு தேஞ்சா யாருடா தம்பி கொத்துறது?"

நண்பர்களே, நம்மைப் படிக்க அனுப்பிவிட்டு வீட்டில் யாரோ ஒருவர் தேய்ந்துகொண்டிருக்கிறார். ஊருக்குப் போனால் அவர் கையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

இப்போது ஞாயிறு இரவுகளில் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டு எழுத்து வந்துவிட்டது. மூன்றாவதில் சுழி கொஞ்சம் தகராறு செய்கிறது. நான் டிப்ளமோ வாங்குவதற்குள் அதுவும் வந்துவிடும்!

- மூன்றாமாண்டு, மெக்கானிக்கல்