வறுக்காத மல்லி

அக்டோபர் 12, லூவன்

பில்ஸ்னர் மால்ட் 1.15 கிலோ, முளைகட்டாத கோதுமை அவல் ஒரு கிலோ, ஓட்ஸ் 125 கிராம். பத்து லிட்டர் பீருக்கு இது போதும். கூடவே ஒரு பை நெல் உமி. கோதுமைக்கு உமி கிடையாது. வெந்நீரில் ஊறினால் களியாகிச் சாறு இறங்காமல் அடைத்துக்கொள்ளும். இடையிடையே உமி கிடந்தால் சாறு வழி கண்டு இறங்கும். ஊரில் ரைஸ்மில் பின்னால் மலையாகக் குவிந்து கிடப்பதை யூரோ கொடுத்து வாங்கியபோது சிரிப்பு வந்தது. இன்னொன்றும் நினைத்துக்கொண்டேன்: சொந்தக் குடிக்கு பீர் காய்ச்ச பெல்ஜியத்தில் தடையில்லை. இதே பானையைத் தமிழ்நாட்டில் அடுப்பில் ஏற்றினால் மதுவிலக்குச் சட்டம் வீடு தேடி வரும்.

அக்டோபர் 13

ஹூகார்டனுக்குப் போய்வந்தேன். லூவனுக்குத் தென்கிழக்கே இருபது கிலோமீட்டர் சொச்சம். 18ஆம் நூற்றாண்டில் முப்பதுக்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்த சிற்றூர். தெளிந்த லாகர் வந்து விட்பியர் எனப்படும் கலங்கலான வெள்ளை பீரைத் தள்ளிவிட, கடைசி ஆலையான டோம்சினும் 1950களில் மூடியது. இளவயதில் அங்கே கூடமாட வேலை செய்த பால்காரர் பியேர் செலிஸ், 1966இல் அதே பீரைத் திரும்பக் காய்ச்சத் தொடங்கினார். 1985இல் ஆலை தீப்பிடித்தது. புதுப்பிக்கப் பணம் கொடுத்த பெரிய நிறுவனத்தின் கைக்கே ஆலை போயிற்று. மனிதர் சும்மா இருக்கவில்லை. அறுபது வயதைத் தாண்டி அமெரிக்காவுக்குப் போய், டெக்சாஸின் ஆஸ்டினில் 1992இல் மறுபடி ஆலை தொடங்கினார். 2011இல் காலமானார். உலகில் இன்று யார் விட்பியர் காய்ச்சினாலும் அந்தப் பால்காரருக்குக் கடன்பட்டவர்தான் என்பது என் கட்சி.

அக்டோபர் 19

காய்ச்சும் நாள். தானியத்தை முதலில் 45 டிகிரியில் கால் மணி நேரம், பிறகு 66 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். அந்த 45 டிகிரி வீண் சடங்கல்ல. தானியத்திலிருந்து ஃபெருலிக் அமிலம் பிரிவது அப்போதுதான்; அதைத்தான் பெல்ஜிய ஈஸ்ட் பின்னால் கிராம்பு வாசனையாக மாற்றும். சாற்றை வடித்து ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். ஹாலர்டாவ் ஹாப்ஸ் 15 கிராம். கசப்பு பெயருக்குத்தான்.

மல்லிக்கு வருவோம். இங்கே சூப்பர்மார்க்கெட்டில் கிடைப்பது உருண்டையாக, சிறுத்து இருக்கும். இடித்தால் ஒரு பச்சை நெடி. நான் எடுத்தது இந்தியக் கடை மல்லி. நீண்டு, வெளிறி, எலுமிச்சை மணம் முன்னால் வருவது. பீர் காய்ச்சுபவர்கள் பலர் இதையே தேடி வாங்குகிறார்கள். வறுக்கவில்லை. போனில் இருந்த மதுரை நண்பன் பதறிவிட்டான்: "லேசா வாசம் வர்ற வரைக்கும் வறுத்துப் போடேன்டா!" வறுத்தால் வருவது சாம்பார்ப் பொடி வாசம். வறுக்கும்போது ஓடிப்போவது லினலூல், பூவும் எலுமிச்சையும் கலந்த அந்த வாசனைக்குக் காரணமான எண்ணெய். ஹாப்ஸ் சிலவற்றிலும் அதே லினலூல் உண்டு என்பதால் பீருக்கு மல்லி அந்நியம் இல்லை. எட்டு கிராம், ஒன்றிரண்டாக இடித்து, அடுப்பை அணைக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது போட்டேன். கூடவே கசப்பு ஆரஞ்சின் காய்ந்த தோல் எட்டு கிராம். கை இன்னும் ஒரு பிடி போடத்தான் பார்த்தது. மிளகும் சீரகமும் தூக்கலாக இருந்தால்தான் ரசம் என்று வளர்ந்த நாக்கு இது. விட்பியரில் மசாலா தெரியக்கூடாது. குடிப்பவர் இது என்ன வாசனை என்று ஒரு நொடி தேட வேண்டும். "மல்லி" என்று அடுத்த வாய்க்கே சொல்லிவிட்டால் அளவு மிஞ்சிவிட்டது.

சிங்க்கில் ஐஸ் போட்டுப் பானையை 20 டிகிரிக்கு இறக்கி ஈஸ்ட் தூவினேன். அடர்த்தி 1.048.

அக்டோபர் 21

ஏர்லாக் ஓயாமல் குமிழி விடுகிறது. வீட்டில் வாழைப்பழமும் கிராம்பும் கலந்த மணம். மல்லியில் இருக்கும் ஜெரானியாலின் ஒரு பங்கை ஈஸ்ட் சிட்ரோனெல்லாலாக மாற்றிவிடும். பானைக்குள் போன மல்லியும் கோப்பைக்கு வரும் மல்லியும் ஒன்றல்ல.

நவம்பர் 2

அடர்த்தி 1.010இல் நின்றுவிட்டது, ஆல்கஹால் ஐந்து சதவீதம். லிட்டருக்கு ஏழு கிராம் சர்க்கரை கரைத்துப் பாட்டிலில் அடைத்தேன். சர்க்கரை டீனன் ஊர் ஆலையுடையது. ஹூகார்டனுக்குப் பக்கத்து ஊர்.

நவம்பர் 17

திறந்தோம். வைக்கோல் வெளிறல், கோதுமைப் புரதத்தின் கலங்கல், நல்ல நுரை. பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் வைத்து, உருட்டி அடியில் தங்கிய ஈஸ்டையும் எழுப்பி ஊற்ற வேண்டும். மேல்மாடிக்காரர், லூவன்காரர், முதல் வாயில் ஆரஞ்சு என்றார். இரண்டாவதில் யோசித்தார். மல்லியைக் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். அவளை இந்தச் சோதனையில் சேர்த்திருக்கவே கூடாது.

எலுமிச்சைத் துண்டு கேட்டார் ஒருவர். கொடுக்கவில்லை. நுரையும் அடங்கும், ஈஸ்ட் செய்து வைத்த நுணுக்கமும் புளிப்பில் மூழ்கிப்போகும். அமெரிக்காவில் 1995இல் வந்த புளூ மூன் பீர், ஆரஞ்சுத் துண்டையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. அதைக் காய்ச்சிய கீத் வில்லா பிரஸ்ஸல்ஸில் படித்து முனைவர் பட்டம் வாங்கியவர் என்றாலும் என் முடிவில் மாற்றமில்லை.

அடுத்த முறை தோல் பத்து கிராம். மல்லி எட்டிலேயே இருக்கட்டும். மீதிப் பாட்டில்களைச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். பழக வைத்துக் குடிக்கும் பீர் அல்ல இது.