வெறிச்சோடும் பள்ளி வாயில்

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை நடைபெறும் நாளிலே எமது நாட்டுப் பரீட்சை நிலையங்களின் வாயில்களைப் பார்க்க வேண்டும். விடியற்காலையிலேயே கோயிலுக்குச் சென்று வந்த தாய்மார், நெற்றியிலே திருநீறு துலங்கும் பிள்ளையைக் கையிற் பிடித்து அழைத்து வருகின்றனர். அன்றைக்குத் தொழிலுக்குப் போகாத தந்தையர் மதிலோரத்து மரநிழலிலே நிற்கின்றனர். பரீட்சை முடியும் வரை அவ்விடத்தை விட்டு அவர்கள் அசைவதில்லை. அதற்கு முந்திய மாதங்களிலும் இதே கதைதான். வகுப்பாசிரியரை அடிக்கடி கண்டு, எந்த வினாத்தாளிலே எத்தனை புள்ளி குறைந்தது என்று கேளாத தாய் அரிது.

சில மாதங் கழிய, அதே பிள்ளை ஆறாந் தரத்திலே அமர்கின்றது. அப்பொழுது பள்ளி வாயில் வெறிச்சோடிக் கிடக்கின்றது. அன்று நின்ற பெற்றார் எங்கே போயினர்?

எவரையுங் குறைகூறும் நோக்கத்துடன் நாம் இதைக் கேட்கவில்லை. பல ஆண்டுகளாக இடைநிலை வகுப்புகளிலே கற்பித்து வருபவர் என்ற முறையிலும், பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பவர் என்ற முறையிலும், எமக்கு நாமே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது.

காரணம் ஒருவாறு விளங்கக்கூடியதே. ஐந்தாந் தரப் பரீட்சைக்கும், பதினோராந் தர முடிவிலே எழுதும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கும் இடையில் பொதுப் பரீட்சை எதுவும் இல்லை. ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையுள்ள நான்கு ஆண்டுகளும் கனிஷ்ட இடைநிலை எனப்படுகின்றன. பரீட்சை இல்லாத பாதையிலே பள்ளமும் இல்லை என்று பெற்றார் கருதுகின்றனர். பாடசாலைகளுங்கூடத் தம் சிறந்த ஆசிரியரையும் மேலதிக வகுப்புகளையும் பரீட்சை வகுப்புகளுக்கே ஒதுக்குவதைப் பல இடங்களிற் காண்கின்றோம். இரு கரையிலும் காவலின்றி ஓடும் வாய்க்காலைப் போல அந்த நான்கு ஆண்டுகளும் ஓடிவிடுகின்றன. பத்தாந் தரத்திலே ஒரு பிள்ளைக்குக் கணிதம் அறவே விளங்கவில்லை என்று நாம் கண்டு திடுக்கிடும்போது, அது விளங்காமற் போன நாள் மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே கடந்து போயிருக்கின்றது.

மாறும் பள்ளியும் மாறும் பிள்ளையும்

ஆரம்ப வகுப்பிலே ஒரே ஆசிரியர் நாள் முழுவதும் பிள்ளையுடன் இருக்கின்றார். யார் காலையில் உண்ணாமல் வந்தது, யார் இரவு அழுதது, யாருக்குக் கரும்பலகை எழுத்துத் தெரியவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆறாந் தரத்திலே மணி அடிக்குந்தோறும் ஆசிரியர் மாறுகின்றனர். பாடங்கள் பத்துக்கு மேற்படுகின்றன. கணித ஆசிரியர் பிள்ளையின் கணிதத்தை அறிவார். விஞ்ஞான ஆசிரியர் விஞ்ஞானத்தை அறிவார். பிள்ளையை முழுமையாக அறிந்தவர் எவருமிலர்.

அதே காலத்திலே பிள்ளையும் மாறுகின்றது. பதினொரு வயதிற்கும் பதினான்கு வயதிற்கும் இடையிலே குரல் உடைகின்றது, உயரம் கூடுகின்றது, அம்மா பள்ளி வாயிலுக்கு வருவது வெட்கமாகத் தோன்றுகின்றது. “நீங்கள் வர வேண்டாம்” என்று பிள்ளை கூறுவதைக் கேட்டு, இனி எமது துணை வேண்டியதில்லை என்று பெற்றார் விலகிவிடுகின்றனர். துணை வேண்டாம் என்பதன்று அதன் பொருள். துணையின் முறை மாறவேண்டும் என்பதே பொருள்.

இன்னுமொன்றுண்டு. வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுவிட்ட பிள்ளையைப் பத்து வயதிலேயே “இது படிக்காது” என்று முத்திரை குத்திவிடும் வீடுகள் உள்ளன. மேலே வந்த பிள்ளையோ தூரத்துப் பெரிய பாடசாலைக்குப் போகின்றது. அதன் வாயிலிலே நுழைவதற்குக் கிராமத்துத் தாய் கூசுகின்றார். தோற்ற பிள்ளையும் வென்ற பிள்ளையும் ஒருங்கே தனித்துவிடப்படுகின்றன.

இடாப்பு சொன்ன செய்தி

ஓராண்டு எமது பொறுப்பில் இருந்த எட்டாந் தர வகுப்பிலே ஒரு மாணவன் அடிக்கடி வராமல் நின்றான். பாட ஆசிரியர் ஒவ்வொருவரும் தத்தம் பாடவேளையில் அவனை ஓரிரு முறை காணவில்லை என்றே நினைத்தனர். தவணை நடுவிலே வரவு இடாப்பைப் புரட்டியபோது பதினொரு நாட்கள் அவன் வரவில்லை என்பது தெரிந்தது. திங்கள் என்றில்லை, வெள்ளி என்றில்லை. அந்நாட்களைக் கலண்டரிலே குறித்து, இடையில் வந்த சனி ஞாயிறுகளையும் சேர்த்து எண்ணிப் பார்த்தோம். நான்கு நாளைக்கு ஒரு முறை என்னும் ஒழுங்கு பிசகாமல் இருந்தது. சோம்பேறியின் வரவிலே இத்தகைய ஒழுங்கு இராது.

அன்று மாலை சைக்கிளிலே அவன் வீட்டுக்குச் சென்றோம். தந்தை முந்திய ஆண்டு காலமாகிவிட்டார். தாய் வெங்காயத் தோட்டஞ் செய்து குடும்பத்தைத் தாங்கினார். கிணறு பங்குக் கிணறு. அவர்களுடைய இறைப்பு முறை நான்கு நாளைக்கு ஒரு காலைப்பொழுது வந்தது. இயந்திரம் இறைத்துவிடும், பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவதற்கு மண்வெட்டியுடன் இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் எமது மாணவன்.

“ஒரு நாள்தானே சேர், அடுத்த நாள் ஆற்றையும் கொப்பியைப் பாத்து எழுதுவான் எண்டு நினைச்சன்” என்றார் தாய்.

சமன்பாடு தொடங்கிய நாளும் ஓர் இறைப்பு நாளே என்பது அவருக்குத் தெரியாது. இறைப்பு நாள் என்று ஒன்று இருப்பது பாடசாலைக்குத் தெரியாது. உண்மையின் ஒரு பாதி வீட்டிலும் மறு பாதி பள்ளியிலுமாகக் கிடந்தது. இரண்டும் சந்தித்தபோது, தீர்வு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. கிணற்றின் மற்றொரு பங்காளர் வயதான பெரியவர். தமது பிற்பகல் முறையைத் தந்து இவர்களுடைய காலை முறையைத் தாம் எடுத்துக்கொண்டார். அடுத்த தவணையிலே அம்மாணவன் ஒரு நாள் மாத்திரமே வரவில்லை. அவன் கணிதத்திலே முதல்வனாகிவிடவில்லை. முப்பது புள்ளியைத் தாண்டாதிருந்தவன் ஐம்பதை எட்டினான். அது போதும். கரை தெரிந்துவிட்டது.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பெற்றார் மனங்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய 200 பாடசாலை நாட்கள் எனக் கொண்டால், வாரம் ஒரு நாள் வீட்டில் நிற்கும் பிள்ளை ஆண்டுக்கு 40 நாட்களை இழக்கின்றது. நான்கு ஆண்டுகளில் அது 160 நாட்கள். ஒரு வகுப்பையே முக்காற் பங்குக்கு மேல் படியாமல் விட்டதற்கு அது சமமாகும்.

எழுத்தறியாத தாய் என்ன செய்யலாம்?

நாம் விடைபெறும்போது அத்தாய் இன்னொன்றுங் கூறினார். “நான் எட்டாம் வகுப்போடை நிண்டனான். உந்தக் கணக்கு எனக்கு விளங்காது. நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?”

இந்நாட்டுப் பெற்றாரிற் பலருடைய உள்ளத்திலே இருக்கும் எண்ணம் இதுவே. படித்த பெற்றார்தாம் பிள்ளையின் படிப்புக்கு உதவ முடியும் என்று அவர்கள் நம்புகின்றனர். இந்நம்பிக்கை சரியன்று. அமெரிக்காவிலே நான்சி ஹில், டயானா டைசன் என்னும் இரு அறிஞர், இடைநிலைப் பள்ளி மாணவரின் கல்வியிலே பெற்றார் கொள்ளும் பங்கு பற்றிய 50 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து ஆராய்ந்து, 2009 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். வீட்டுவேலையைச் செய்ய உதவுவது எப்போதும் நற்பயனுடன் சேர்ந்து காணப்படவில்லை. பாடசாலைக்கு வந்து போவது ஓரளவு நற்பயனுடன் சேர்ந்திருந்தது. யாவற்றிலும் மேலான தொடர்பு வேறொன்றுக்கு இருந்தது. கல்வி எதற்காக என்று பிள்ளையுடன் பேசுதல், அதனிடம் நாம் எதிர்பார்ப்பது என்ன என்று தெரிவித்தல், இன்றைய பாடத்தை நாளைய வாழ்வுடன் இணைத்துக் காட்டுதல் என்பவையே அவை.

அந்நாட்டு நிலை வேறு, எமது நிலை வேறு என்பது உண்மையே. எனினும், இவற்றுக்குக் கணிதம் தெரிய வேண்டியதில்லை என்பது இரு நாட்டுக்கும் பொது. “இன்றைக்கு என்ன படித்தாய், எனக்கு விளங்கச் சொல்லு” என்று அடுப்படியிலே இருந்து கேட்கும் தாய், பிள்ளையைத் தன் பாடத்தை ஒரு முறை மீட்கச் செய்கின்றார். கொப்பியை விரித்துப் பார்ப்பதற்கு எழுத்தறிவு வேண்டாம். திகதிகள் தொடர்ச்சியாக உள்ளனவா, ஆசிரியரின் சிவப்பு மை விழுந்திருக்கின்றதா என்று பார்த்தாலே பாதி உண்மை தெரியும். இரவு ஒன்பது மணிக்குப் பின் கைத்தொலைபேசி பெற்றாரின் அறையிலே இருக்க வேண்டும் என்று விதிப்பதற்குப் பட்டம் வேண்டாம். 2020 ஆம் ஆண்டிலே பாடசாலைகள் மூடப்பட்டபோது படிப்பின் பொருட்டுப் பிள்ளையின் கைக்குச் சென்ற அக்கருவி, பாடசாலைகள் திறந்த பின்னரும் பல வீடுகளில் பிள்ளையின் கையை விட்டு இறங்கவில்லை.

ரியூசனுக்குப் பணங் கட்டியதுடன் தம் கடமை நிறைவேறியது என்று கருதுவதும் தவறு. பள்ளி விட்டு ரியூசனுக்கு ஓடி, இருள் சூழ வீடு சேரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையுடன் பேசுவதற்கு எவருக்கு நேரம் மிஞ்சுகின்றது?

பாடசாலையின் பங்கு

பெற்றாருக்கு இவ்வளவு கூறிய நாம் எமது தொழில் சார்ந்த கடமையையுஞ் சொல்லாமல் விடலாகாது. “அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா” என்பது எமது பாடசாலைகளிலே அழைப்பன்று, தண்டனை. குற்றம் நிகழ்ந்த பின்னரே வீட்டுக்குச் செய்தி போகின்றது. அவமானப்படுவதற்கென்றே வரும் தந்தை, வீடு திரும்பியதும் பிள்ளையை அடிக்கின்றார். இவ்வாறு ஏற்படும் உறவு எவருக்குப் பயன் தரும்? தவணையின் முதல் இரு வாரங்களுக்குள், குறை எதுவும் எழுமுன்னரே, வகுப்பாசிரியர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல வார்த்தையை அனுப்பட்டும். “உங்கள் மகள் இன்று வகுப்பிலே நல்ல கேள்வி ஒன்று கேட்டாள்” என்னும் ஒரு வரி போதும். பின்னர் ஒரு குறையைச் சொல்ல நேரும்போது அது பகைவனின் சொல்லாகக் கேளாது.

கூட்டம் வைக்கும் நேரமும் சிந்தனைக்குரியது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு இறைப்பு முறை உண்டு என்றால், மலைநாட்டிலே கொழுந்து பறிக்கும் தாய்க்குப் பேர்க் கணக்கு உண்டு. வேலைநாட் காலையிலே கூட்டத்துக்கு வந்தால் அன்றைக்கு அரைப்பேரும் கிடைக்குமோ என்னவோ. கடற்றொழிலாளருக்கு வள்ளம் கரைசேரும் வேளை. மட்டக்களப்பிலே அறுவடைக் காலம். தாய் மத்திய கிழக்கிலே பணிபுரிய, அம்மம்மாவின் பொறுப்பிலே வளரும் பிள்ளைகளும் உளர். அலுவலக நேரத்தையே கூட்டத்துக்குக் குறித்துவிட்டு, “பெற்றாருக்கு அக்கறை இல்லை” என்று தீர்ப்புக் கூறுவது நீதியாகாது. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலிலே இரு மணி நேரம் ஒதுக்கினால் வரக்கூடியோர் பலர்.

வந்தவரிடம் என்ன பேசுவது? பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டமென்றால் மதிலும் மண்டபமும் நிதியுமே பேச்சாகிவிடுகின்றன. அவையும் வேண்டியவையே. ஆனால் பின்வரிசையிலே அமர்ந்திருக்கும் தாய் அறிய வந்தது தன் பிள்ளையைப் பற்றி. பிள்ளையையும் அருகில் இருத்தி, கொப்பியை மேசையில் விரித்து, பத்து நிமிடம் மூவரும் பேசவேண்டும். பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டுப் பெரியவர் இருவர் பேசினால், அது அப்பிள்ளைக்கு வழக்கு விசாரணையாகவே தோன்றும். ஒன்பதாந் தர முடிவிலே சாதாரண தரத்துக்கான தொகுதிப் பாடங்களைத் தெரிவு செய்யும் வேளையிலாவது இத்தகைய சந்திப்பு இன்றியமையாதது. நண்பன் எடுத்த பாடத்தைத் தானும் எடுத்துப் பின்னர் வருந்துவோரை ஆண்டுதோறும் காண்கின்றோம்.

எமது நாடு கல்வியின் பொருட்டுச் செய்தவை சிறியனவல்ல. கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராக இருந்த காலத்திலே, 1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980 இல் பாடநூல்கள் இலவசமாயின. கட்டாயக் கல்வி 1998 ஆம் ஆண்டு முதல் 14 வயது வரைக்கும், 2016 இலிருந்து 16 வயது வரைக்கும் என விதிக்கப்பட்டது. பிள்ளையை வகுப்பறை வரை கொண்டுவந்து சேர்க்க அரசினால் இயலும். அங்கே இருக்கும் பிள்ளை கற்கின்றதா என்று ஆறாந் தரத்திலும் எட்டாந் தரத்திலும் பார்த்துக்கொள்ள வேண்டியவர் பெற்றாரும் ஆசிரியருமே.

ஆகவே, பெற்றாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை ஆறுக்கும் ஒன்பதுக்கும் இடையிலே படிக்கின்றதாயின், இத்தவணையிலே ஒரு நாள், எவரும் அழையாமலே, வகுப்பாசிரியரைச் சென்று காணுங்கள். தேர்ச்சி அறிக்கையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். “என் பிள்ளை எத்தனை நாள் வந்தது? எந்தப் பாடத்திலே தளர்கின்றது? வீட்டிலே நான் செய்யக்கூடியது என்ன?” என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அவ்வாறு வருபவருக்கு முதலில் ஒரு கதிரை கொடுங்கள். பேச்சு அதன்பின் தானாக வரும்.