அப்பா, ஆம்னி, ஒரு கமான் பட்டை

(இரண்டாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் நினைத்தேன். காதல் கவிதைக்கு நம் கல்லூரியில் ஆள் பஞ்சமில்லை. அதனால் எங்கள் வீட்டு வண்டியைப் பற்றி எழுதுகிறேன். சிவில் நண்பர்களும் படிக்கலாம், உங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது!

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ஐந்தாவதோடு நின்று லாரி கிளீனராகப் போனவர். இப்போது சொந்தமாக ஒரு பழைய மாருதி ஆம்னியில் தண்ணீர் கேன் போடுகிறார். ஆம்னி உற்பத்தி 2019-லேயே நின்றுவிட்டது, எங்கள் வண்டிக்குத்தான் இன்னும் ஓய்வு இல்லை. ஒரு கேனில் தண்ணீர் மட்டும் 20 கிலோ. 25 கேன் ஏற்றினால் அரை டன். பின்பக்கம் உட்கார்ந்துவிடும், ஹெட்லைட் தென்னமர உச்சியைப் பார்க்கும்.

போன மே விடுமுறையில் அப்பா முடிவு செய்துவிட்டார். பின்னால் ஆளுக்கொரு கமான் பட்டை சேர்த்துப் போடணும், ஷாக்கும் மாத்தணும், கூலி கொடுக்க முடியாது, வீட்டு வாசலிலேயே ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்கணும். திங்கள் காலை ஆறு மணிக்கு வண்டி ஓடியாக வேண்டும். துணைக்கு மாமா. அவர் லாரிக் கமான் பட்டறையில் வேலை பார்த்தவர். சென்டர் போல்ட்டைக் கழற்றும்போது பட்டைகள் விரிந்து அடித்ததில் அவருக்கு வலது சுண்டுவிரல் பாதிதான் மிச்சம். அதனால் இப்போது சி-கிளாம்ப் போட்டு இறுக்காமல் சென்டர் போல்ட்டைத் தொடவே மாட்டார்.

சாமான் வாங்க அப்பாவும் நானும் சென்னை ஜி.பி. ரோடு போனோம். அப்பா தடிமனான பட்டையைத்தான் கையில் எடுத்தார். "இது வேணாம்பா" என்றேன். ஒரே அளவுப் பட்டை மூன்று உள்ள கட்டில் நாலாவது சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் தடிமன் இரண்டு மடங்கானால் அந்தப் பட்டையின் விறைப்பு எட்டு மடங்கு! காலி வண்டியில் திரும்பி வரும்போது இடுப்பு ஒடிந்துவிடும். அப்பா கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் தலையாட்டினார். மெல்லிய பட்டையை வாங்கினோம். கட்டின் உயரம் கூடுவதால் பழைய யூ போல்ட்டின் மரை நட்டுக்கு எட்டாது என்று புதுசும் வாங்கினோம்.

ஷாக் அப்சார்பர் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை, 'ஷாக் அப்சர்வர்'தான். அதாவது பார்வையாளர்! எங்கள் பழைய ஷாக் நிஜமாகவே பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தது. கையால் அழுத்தினால் உள்ளே போகும், இழுத்தால் வெளியே வரும், ஒரு எதிர்ப்பும் இல்லை.

அப்படியே முன்பக்கத்தையும் பிரிக்கலாம் என்றார் அப்பா. அங்கே மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. முன்னால் இருப்பது ஸ்ட்ரட், சுருள் ஸ்பிரிங். மி.மீ.க்கு 20 நியூட்டன் விறைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், 15 செ.மீ. அமுக்கினால் உள்ளே 225 ஜூல் அடைந்திருக்கும். 23 கிலோ அரிசி மூட்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி அது. அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் கயிறு கட்டிக் கழற்றுவதற்கு வாசல் ஏற்ற இடம் இல்லை. மூட்டைக் கணக்கு அப்பாவுக்கு உடனே புரிந்தது.

அடுத்த தகராறு ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது அப்பாவின் முப்பது வருஷப் பழக்கம். நான் விடவில்லை. "அப்ப ஹாலோ பிளாக் வை" என்றார். அது எப்போது நொறுங்கும் என்று சிவில் நண்பர்களைக் கேளுங்கள். கடைசியில் மாமா பட்டறையிலிருந்து இரண்டு ஸ்டாண்டு கொண்டுவந்தார்.

கழற்றி மாட்டுவதெல்லாம் மாலை நாலு மணிக்குள் முடிந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை, துருவும் வியர்வையும்தான். ஆனால் அப்பா கமான் கண் போல்ட்டை முழுசாக இறுக்கப் போனபோது நிறுத்தச் சொன்னேன். அந்தக் கண்ணுக்குள் ரப்பர் புஷ் இருக்கிறது. ஆக்சில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும். வண்டி கீழே இறங்கியதும் முறுக்கிக்கொண்டே நிற்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுக்கிக் கிழியும். எங்கள் வண்டியில் நாலு மாசத்துக்கு ஒரு புஷ் போவது இதனால்தான். அப்பா இத்தனை நாளும் "டூப்ளிகேட் குடுத்துட்டான்" என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"அப்போ?" என்றார் அப்பா.

"சக்கரம் தரையில நின்னப்புறம் டைட் பண்ணணும்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய் கேன்களை ஏற்ற ஆரம்பித்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. "காலியா நிக்கிற உசரமும் இல்ல, முழு லோடு உசரமும் இல்ல. ரோட்டுல பாதி நேரம் இந்த உசரத்துலதான்டா ஓடுது. இப்ப டைட் பண்ணு" என்று ஸ்பானரை என் கையில் கொடுத்தார். என் பாடப் புத்தகத்தில் தரை என்று மட்டும்தான் இருந்தது, பன்னிரண்டு கேன் இல்லை! சக்கரத்துக்குக் கல் வைத்து, பக்கவாட்டிலிருந்து கை நீட்டி இறுக்கினேன். மாமா டார்ச் பிடித்தார்.

ஒன்றில் மட்டும் நான் முழுசாக ஜெயிக்கவில்லை. பட்டை கூடியதால் பிரேக் கூடாது, டயர் கூடாது, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடையும் மாறாது, கேனைக் குறையுங்கள் என்றேன். 25-ஐ 22 ஆக்கியிருக்கிறார். அதுவே அதிகம்தான். "உன் செமஸ்டர் ஃபீஸை யாரு குறைப்பா?" என்கிறார்.

ஐநூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்கினோம். இடது பக்கம் கால் சுற்று போனது, வலது பக்கம் அசையவே இல்லை. புஷ் ஏழு மாதமாகக் கிழியவில்லை.