எதுக்குத்தா அந்த நாற்காலி?

2018-ல் கூட்டுறவுச் சங்கத் தேர்தல் அறிவித்தபோது, எங்கள் பக்கத்துப் பால் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் பெண்களுக்கு ஒதுக்கிய இடத்துக்கு நான் மனுப் போட்டேன். வ. புதுப்பட்டியில் எங்களைப் போல மாடு வைத்திருக்கும் வீடுகளில் விடியுமுன் கறப்பதும், சங்கத்துக்குக் கொண்டுபோய் ஊற்றுவதும், பிளவக்கல் அணைப் பாசன வயலில் இருந்து புல்லுக்கட்டு சுமப்பதும் பெண்கள்தான். ஆனால் எத்தனையோ ஊர்களில் பெண் இயக்குநரின் வீட்டுக்காரர் கூட்டத்துக்குப் போவார். தீர்மானப் புத்தகம் மட்டும் கையெழுத்துக்காக அடுப்படி வரை வரும். என் விஷயத்தில் அப்படி நடக்கவிட மாட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

எனக்கு இயக்குநர் வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு காலத்தில் சங்கத் தலைவராக இருந்தவர். தெருவே அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரித்தா, அது ஊருக்குச் சொல்ற காரணம். உனக்கு நீயே சொல்லிக்கிற காரணம் என்ன?" என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் தன் காலத்தில் பார்த்தவர்களைச் சொன்னார். செயலாளர் மேல் இருந்த கோபத்தில் வந்தவர், மகனுக்குப் பால் அளக்கிற வேலை வாங்கலாம் என்று வந்தவர், கறவை மாட்டுக் கடன் பட்டியலில் முதல் பெயர் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று வந்தவர், கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலிக்காக வந்தவர். யாரையும் அவர் இளப்பமாகப் பேசவில்லை. "ஆசை இல்லாம எவ வருவா? எந்த ஆசைன்னு தெரிஞ்சுக்கிட்டு வரணும்."

யோசித்துப் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால் ஒன்றியத்து அதிகாரி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. பால் விலையை ஏற்றிக் கொடுத்தேன் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பது அதைவிடப் பெரிய ஆசை. இரண்டாவதைப் பெரியம்மா அன்றைக்கே எடுத்துப் போட்டார். கொள்முதல் விலை சங்கத்தின் கையில் இல்லை, அரசு அறிவிக்கிறது. பிறகு 2019 ஆகஸ்டில் பசும்பால் லிட்டருக்கு 28 ரூபாயிலிருந்து 32 ஆனபோதும், 2022 நவம்பரில் 35 ஆனபோதும் அதைச் சொன்னது சென்னைதான். பாலை ஒழுங்காக அளந்து சோதிப்பது, பட்டுவாடா தள்ளிப்போகாமல் பார்ப்பது, உள்ளூர் விற்பனைக் கணக்கு, தீவனம், ஊழியர் சம்பளம், போனஸ் ஆகியவைதான் எங்கள் பாடு. பெயர் வாங்குகிற வேலை அதில் ஒன்றுகூட இல்லை. மாட்டிக்கொள்கிற வேலை நிறைய உண்டு. 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆவது பிரிவை அவர் மனப்பாடமாகச் சொன்னார். நம்பிக்கை மோசடியாலோ வேண்டுமென்றே காட்டிய அலட்சியத்தாலோ சங்கத்துக்கு நட்டம் வந்தால், தண்டத் தீர்வை போட்டு இயக்குநரின் சொந்தப் பணத்திலிருந்தே வசூலிக்கலாம். கையெழுத்து வீடு தேடி வரும் பெண்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

ஜெயித்த பிறகு பாடம் கொழுப்புச் சோதனை மேசைக்கு மாறியது. 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். குழாயை மூடிக் குலுக்கி, இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால் கொழுப்பு மஞ்சளாக மேலே பிரிந்து நிற்கும். குழாயைக் கண்ணுக்கு நேரே பிடித்து எண்ணைப் படிக்க வேண்டும். கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பிடித்தாலே புள்ளி மாறிவிடும். அந்தப் புள்ளிதான் காசு. "இனிமே உன் வீட்டுப் பால் அட்டையை நீயே பாரு. இயக்குநர் ஆனதும் ஃபேட் ஏறுச்சுன்னா, மாடு மாறலை, நீதான் மாறிட்டேன்னு அர்த்தம்" என்றார் பெரியம்மா.

பார்த்தேன். 3.9 வந்துகொண்டிருந்த என் பால் 4.3 என்று இருந்தது. கறவை வற்றுகிற காலமாக இருந்தால் கொழுப்பு ஏறியது என்று நம்பலாம். என் மாடு கன்று போட்டு இரண்டு மாதம்தான். கறவை உச்சத்தில் இருக்கும்போது கொழுப்பு இறங்கத்தான் செய்யும். மறுநாள் வரிசையில் நின்று, "தம்பி, என் பாலை எல்லாரும் பார்க்க இன்னொரு தடவை போடுங்க" என்றேன். 3.8 வந்தது. யாரும் லஞ்சம் கேட்கவில்லை, கொடுக்கவில்லை. நாற்காலிக்கு வருகிற மரியாதை இப்படித்தான் சத்தமில்லாமல் பாலுக்குள் வருகிறது.

பால்கோவா ஊருக்குப் பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. 2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விசேஷ காலத்தில் சங்கத்தைவிடக் கூட்டிக் கொடுத்துப் பால் எடுக்க ஆள் வரும். உறுப்பினர் அங்கே ஊற்றினால் அவர் வயிற்றுப்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன். இயக்குநர் ஊற்றக் கூடாது என்பது என் முடிவு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து டீக்கடைகள் மூடி, வெளியாட்கள் பால் வேண்டாம் என்று கைவிரித்தபோது எல்லோரும் கேனைத் தூக்கிக்கொண்டு சங்க வாசலுக்குத்தான் வந்தார்கள்.

பெரியம்மா அடிக்கடி சொல்லும் பெயர் திரிபுவன்தாஸ் படேல். 1946-ல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பால்காரர்களைத் திரட்டி, பிற்பாடு அமுல் ஆன ஒன்றியத்துக்குத் தலைவராக இருந்தவர். எழுபதுகளில் அவர் விலகியபோது, உறுப்பினர்கள் தலைக்கு ஒரு ரூபாய் போட்டு ஆறு லட்சம் திரட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் தாய்சேய் நலத்துக்கு ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அந்த உயரமெல்லாம் எனக்கு எட்டாது. ஆனால் கூட்ட அறிவிப்பு வந்ததும் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ‘இதில் எனக்கு என்ன?’ என்று பென்சிலால் எழுதிப் பார்க்கும் பழக்கத்தைப் பெரியம்மாவிடம் பிடித்துக்கொண்டேன். பெரும்பாலும் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் எழுதுவேன். சில நாள் ‘பெயர்’ என்று எழுதியிருக்கிறேன். அப்படி எழுதிய நாளில் கூட்டத்தில் கடைசியாகத்தான் பேசுவேன்.

ஒரு தடவை தீவன மூடை ஏற்றிவரும் வண்டி வாடகை பொருளாக வந்தது. விலைப்புள்ளி கொடுத்தவர்களில் என் கொழுந்தனாரும் ஒருவர். "உறவுன்னு எழுதிட்டு வெளியே உட்கார்றேன்" என்றேன். "அப்படி எழுதுற வழக்கம் இல்லையேக்கா" என்றார் செயலாளர். நான் சொல்லச் சொல்ல அவரே எழுதினார்: உறுப்பினர் இப்பொருளில் உறவு உள்ளவர் ஆகையால் விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. வண்டி வேறொருவருக்குப் போனது. அவர் வாடகை மூடைக்கு ஒரு ரூபாய் குறைவு. கொழுந்தனார் ரொம்ப நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த கூட்டத்தில் இன்னொரு இயக்குநர், தன் மருமகன் பெயர் இருந்த கடன் பட்டியல் வந்ததும், தானே எழுந்து அதே வரியை எழுதச் சொன்னார்.