மண் நிறத்தில் ஓர் ஊர், கூரையில் ஒரு தாமரைக்குளம்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்தால் பாக்கியம். ஊர் எல்லை தாண்டியதும் பார்வைக்குத் தடையே இருக்காது. செம்மண், நடுநடுவே தைலமரக் காடு, கரையில் பனை நிற்கும் கண்மாய், திடீரென்று தரையைக் கிழித்துக்கொண்டு எழுந்த மாதிரி ஒரு கருங்கல் பாறை. சித்தன்னவாசல் வளைவு வந்தபோது பாதிப் பேருந்து இறங்கியது. நான் இறங்கவில்லை. முதலில் அன்னவாசலைப் பார்க்க வேண்டும், பிறகு திரும்பி வரலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளாகக் கன்சாஸ் மாநிலத்துக் கதைகளாக எடுத்த படங்களைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் நட்டநடுவில் இருக்கும் சமவெளி அது. கோதுமை வயல், வானம், அவ்வளவுதான். மலையில்லை, கடலில்லை. கேமராவுக்கு அங்கே என்ன வேலை என்று தோன்றும். ஆனாலும் எத்தனை படங்கள்! 1939இல் வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ அங்கேதான் தொடங்குகிறது. 1967இல் வந்த ‘இன் கோல்ட் பிளட்’ ஹோல்கம் என்ற சிற்றூரில் நடந்த கொலையைப் பற்றியது. கொலை நடந்த அதே வீட்டுக்குள் போய்ப் படம் பிடித்தார்கள். 1973இல் வந்த ‘பேப்பர் மூன்’ கறுப்பு வெள்ளையில், பஞ்ச காலத்துக் கன்சாஸ் சாலைகளில் ஓடுகிறது. அதில் நடித்த டேட்டம் ஓநீலுக்கு ஆஸ்கர் கிடைத்தபோது வயது 10. இதையெல்லாம் பார்க்கப் பார்க்க, வானம் பார்த்த பூமி நமக்கும் இருக்கிறதே, அது எந்தத் திரையில் இருக்கிறது என்ற கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் அன்னவாசல்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடை. பெஞ்சில் இருந்த பெரியவரிடம் இந்த ஊரில் முன்னே கொட்டகை இருந்ததா என்று கேட்டேன். ‘கொட்டகையா? நான் கொட்டகையிலயே வளந்தவன் தம்பி’ என்றார். இந்தச் சுற்றுவட்டாரத்து டூரிங் டாக்கீஸ்களில் இருபது வருடத்துக்கு மேல் ஆபரேட்டராக இருந்தவராம். தேடி வந்த ஆள் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார்.

வீடு இரண்டு தெரு தள்ளி. வரச் சொன்னார், போனேன். திண்ணையில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தார். அதில் பழைய டிக்கெட் அடிக்கட்டைகளோடு இரண்டு கார்பன் குச்சிகள். பென்சில் கனம், மேலே செம்புப் பூச்சு, நுனி மட்டும் கரிந்து குழிந்திருந்தது. அந்தக் காலத்து புரொஜக்டரில் பல்பு கிடையாது. இரண்டு குச்சிகளையும் எதிரெதிரே வைத்து மின்சாரம் பாய்ச்சினால் இடைவெளியில் நெருப்பு பாலமாக நிற்கும். திரையில் விழுவது அந்த வெளிச்சம்தான். எரிய எரியக் குச்சி குறையும், இடைவெளி கூடும், படம் மங்கும். அதனால் ஆபரேட்டர் திருகைத் திருகிக் குச்சிகளை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ‘படத்துல என்ன நடக்குதுன்னு நான் பாக்க மாட்டேன். நெருப்பத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன்’ என்றார். வலது கை ஆள்காட்டி விரலில் பழைய தீக்காயத் தழும்பு பளபளவென்று இருந்தது.

டூரிங் டாக்கீசுக்கு ஒற்றை புரொஜக்டர்தான். ஒரு சுருள் ஓடி முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். ஆகவே ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. தரை டிக்கெட்காரர்கள் மணலைக் குவித்து உயரமாக்கி உட்காருவார்கள். பின்னால் இருப்பவர் சண்டைக்கு வருவார். சாயங்காலம் கூம்பு ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜன் பக்திப்பாட்டு கேட்டதும் சுற்றுப்பட்டு ஊர்களில் உலை அவசரமாகக் கொதிக்கும். மழைக்காலம் வந்தால் கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள். இந்த மண்ணில் மழைக்காக ஏங்காத ஒரே தொழில் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

‘நீங்க ஓட்டின படங்கள்ல நம்ம பக்கத்து ஊரு ஏதாவது வந்திருக்கா அய்யா?’ என்று கேட்டேன்.

வெகுநேரம் யோசித்தார். ‘மதுரை வந்திருக்கு. தேனி, பொள்ளாச்சி வந்திருக்கு. தஞ்சாவூரு வந்திருக்கு. நம்ம ஊரு...’ என்று நிறுத்தி, ‘நம்ம ஊரு ஆளுக வந்திருக்காக’ என்றார்.

உண்மை அது. புதுக்கோட்டை கொடுத்ததெல்லாம் ஆட்கள். பி.யு. சின்னப்பா 1916இல் பிறந்தது புதுக்கோட்டையில். பெயரின் முதலெழுத்தே ஊர்தான். ‘உத்தம புத்திரன்’ படத்தில் 1940இலேயே இரட்டை வேடம் போட்டவர். ‘ஆர்யமாலா’, ‘கண்ணகி’, ‘ஜகதலப்ரதாபன்’, ‘மங்கையர்க்கரசி’ என்று தியாகராஜ பாகவதருக்கு எதிர்ப்பாட்டு பாடும் உயரத்துக்கு வளர்ந்து 1951இல், முப்பத்தைந்து வயதில் போய்ச் சேர்ந்தார். சம்பாதித்த பணத்தில் புதுக்கோட்டையில் வீடு வீடாக வாங்கினார், இனி வாங்கக் கூடாதென்று சமஸ்தானமே தடை போட்டது என்று இன்றும் சொல்வார்கள். மண்ணின் மீது அவ்வளவு ஆசை கொண்டவர் திரையில் கோவலனாக நடந்தார், காத்தவராயனாக நடந்தார், ராஜகுமாரனாக நடந்தார். புதுக்கோட்டைக்காரனாக நடிக்க அவருக்கு யாரும் கதை எழுதவில்லை. 1920இல் இதே ஊரில் பிறந்த ஜெமினி கணேசனுக்கும் அப்படித்தான். பக்கத்துக் காரைக்குடியில் ஏவி. மெய்யப்பச் செட்டியார் கீற்றுக் கொட்டகைகளைப் போட்டு ஸ்டூடியோ நடத்தியபோது, 1947இல் ‘நாம் இருவர்’ அங்கிருந்துதான் வந்தது. அதில் பாரதி பாட்டு இருந்தது, சுதந்திரம் இருந்தது. கொட்டகைக்கு வெளியே கிடந்த பொட்டல் படத்துக்குள் வரவில்லை.

ஊர்ப் பெயர் தலைப்பிலேயே வந்த படம் ஒன்று உண்டு. 2004 பொங்கலுக்கு வந்த ‘புதுக்கோட்டையிலிருந்து சரவணன்’. தனுஷ் நடித்தது, எஸ்.எஸ். ஸ்டான்லி இயக்கியது. பிழைப்புக்காகச் சிங்கப்பூர் போகிற இளைஞனின் கதை. அந்தத் தலைப்பில் இருக்கும் ‘இலிருந்து’ என்ற உருபைப் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஊர் என்பது கிளம்பும் இடம். கதை வேறெங்கோ நடக்கும்.

கன்சாஸுக்கும் முதலில் அதே நிலைமைதான். பெரியவரிடம் கைப்பேசியில் ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தின் தொடக்கத்தைப் போட்டுக் காட்டினேன். டாரதி என்ற சிறுமி பெரியம்மா வீட்டில் வளர்கிறாள். வீடு, வேலி, கோழி, மண், வானம் எல்லாமே செபியா என்கிற பழுப்பு நிறம். சூறாவளி வந்து வீட்டோடு அவளைத் தூக்கிப்போய் வேறொரு உலகத்தில் போட்டதும்தான் படத்துக்கு வண்ணமே வருகிறது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். ‘நம்ம ஊரு மாதிரியில்ல இருக்கு’ என்றார். சுழன்று வரும் காற்றுத்தூணைப் பார்த்ததும், ‘கஜா’ என்று ஒரே சொல்.

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியலில் கரை கடந்த கஜா புயல் இந்த மாவட்டத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனது. புதுக்கோட்டைத் தெருக்களில் மரங்கள் வேரோடு கிடந்தன. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னந்தோப்புகள் மொத்தமாகச் சாய்ந்தன. வாரக்கணக்கில் இருட்டில் இருந்த ஊர்கள் உண்டு. அதை யாராவது கதையாக எடுப்பார்கள் என்று காத்திருக்கிறேன்.

படத்தில் வருவது நிஜச் சூறாவளி இல்லை என்று பெரியவரிடம் சொன்னேன். முப்பத்தைந்து அடி நீளத்துக்கு மஸ்லின் துணியைப் புனல் மாதிரி தைத்து, மேலே கட்டித் தொங்கவிட்டு, கீழ் நுனியை நகர்த்திப் புழுதி கிளப்பி எடுத்தார்கள். கன்சாஸ் என்று நாம் பார்க்கும் ஒரு பிடி மண்கூடக் கன்சாஸ் மண் இல்லை, எல்லாம் கலிபோர்னியா ஸ்டூடியோ. கேட்டுவிட்டு, திரைத்துணியைக் கட்டி அவிழ்த்த மனிதர், ‘துணியிலயே புயலா? நல்லாத் தச்சிருக்கான்’ என்றார். தொழில்காரனைத் தொழில்காரன் பாராட்டும் தொனி.

அங்கே அதோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். ஸ்டூடியோவில் செய்த பொய்க் கன்சாஸுக்குப் பிறகு, ஒரு தலைமுறை கழித்து, நிஜமான வீட்டுக்குள்ளும் நிஜமான சாலைக்கும் கேமரா போயிற்று. நம்மிடமும் அது நடந்திருக்கிறது, பக்கத்தில்தான். 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய ‘கூழாங்கல்’ மேலூர்ப் பக்கத்துப் பொட்டலில் எடுத்தது. பி.எஸ். வினோத்ராஜ் அந்தப் பகுதியில் பிறந்தவர். குடிகார அப்பனும் பள்ளிக்கூடப் பையனும் வெயிலில் நடக்கிறார்கள். பையன் தாகத்துக்குக் கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். கடைசியில் பெண்கள் ஊற்றுக் குழியைச் சுற்றி உட்கார்ந்து, ஊறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளுகிறார்கள். கேமரா அவசரப்படாமல் காத்திருக்கிறது. வறண்ட நிலத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அந்தக் காட்சி எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதற்கும் முன்னால், 2003இல், அம்ஷன் குமார் கி. ராஜநாராயணனின் ‘கிடை’யை ‘ஒருத்தி’ என்று எடுத்துக் கரிசலுக்கு ஒரு படம் தந்தார். கரிசலுக்குக் கி.ரா. இருந்தார். இந்தச் செம்மண்ணுக்கு ஒருவர் வர வேண்டும்.

கதைக்குப் பஞ்சமா என்ன? ஜல்லிக்கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலத்திலேயே அதிக வாடிவாசல்கள் உள்ள மாவட்டம் இது. வருடத்தின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் தச்சங்குறிச்சியில்தான். அன்னவாசலிலும் மாடு விடுகிறார்கள். சினிமாவில் காளை என்றால் மதுரை, தேனிச் சீமைதான். இங்கே ஒரு வீட்டு வாசலில் காளையைக் கட்டி ஒரு அம்மாள் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டிருந்தார். மகன் வெளிநாட்டில். ‘போன் பண்ணுனா என்னையக் கேக்குறதுக்கு முன்னாடி மாட்டத்தான் கேப்பான்’ என்றார். கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு மாட்டின் காதருகே வைப்பாராம். இதற்கு மேல் ஒரு திரைக்கதை ஆசிரியருக்கு என்ன வேண்டும்?

மூன்று மணிக்குமேல் ஆட்டோ பிடித்துச் சித்தன்னவாசல் போனேன். குன்றின் மேல் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள்; பாறையில் தமிழி எழுத்து, இரண்டாயிரம் வருடப் பழசு. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாறை விளிம்பில் நின்றால் கீழே முழுச் சமவெளியும் ஒரே சட்டகத்துக்குள் வருகிறது. ஏப்ரல் வெயிலில் எல்லாம் பழுப்பு. டாரதியின் கன்சாஸ் நிறம்.

கீழே இறங்கி அறிவர் கோயிலுக்குப் போனேன். குனிந்து நுழைய வேண்டிய குடைவரை. வெளிச்சத்திலிருந்து போனதால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழகக் கூரையில் தண்ணீர் தெரிந்தது. ஆமாம், தண்ணீர். 9ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னன் ஸ்ரீவல்லபன் காலத்தில், இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அந்தக் காலத்து ஓவியம் இது: கூரை நிறைய ஒரு தாமரைக்குளம். இலைக்கு நடுவே மீன்கள், அன்னங்கள், யானை, எருமை. இடுப்பளவு நீரில் நின்று பூப்பறிக்கும் ஆட்கள். ஒருவன் கையில் தாமரைத் தண்டு, தோளில் சாய்ந்தபடி. இலைப் பச்சை பல இடங்களில் உதிர்ந்து சுண்ணாம்பு தெரிகிறது. மிச்சம் இருக்கும் பச்சை, வெளியே எங்கும் இல்லாத பச்சை.

தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் சபையான சமவசரணத்துக்குப் போகும் வழியில் வரும் குளம் என்பார்கள் அறிஞர்கள், பக்தர்கள் பூப்பறித்து மகிழும் இடம். அந்த விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் கோடையில் அங்கே நின்று பார்த்தவனுக்கு வேறொன்றும் தோன்றும். வானம் பார்த்த ஊரில் ஒரு கலைஞன் அண்ணாந்து பார்க்கும் இடத்தில் தண்ணீரைத் தீட்டி வைத்திருக்கிறான். இந்த ஊருக்குத் திரை கட்டிய முதல் ஆள் அவன் என்று நினைத்துக்கொண்டேன். அவன் எங்கோ இருக்கும் நாட்டை வரையவில்லை. அந்த மீனும் எருமையும் இங்கே கண்மாய் நிறைந்த வருடத்தில் எவரும் பார்ப்பவை.

காவலாளி நேரமாகிறது என்று சாவியை ஆட்டினார்.

திரும்ப அன்னவாசல் வந்தபோது விளக்கு போட்டிருந்தார்கள். விராலிமலை வழியாகத் திருச்சி போகும் வண்டிக்காக ஒரு பையன் நின்றான். புது ஜீன்ஸ், புதுப் பெட்டி, பெட்டியைச் சுற்றி நைலான் கயிறு, மேலே மார்க்கரில் பெரிய எழுத்தில் அவன் பெயரும் ஊரும். ராத்திரி சிங்கப்பூர் விமானமாம். கூட அம்மாவும் தங்கச்சியும். யாரும் பேசிக்கொள்ளவில்லை. அம்மா மட்டும் கயிற்று முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்கினார். வண்டி வந்தது. அவன் ஏறினான். சன்னல் வழியாகக் கையை நீட்டித் தங்கச்சி தலையில் ஒரு தட்டு தட்டினான். வண்டி வளைவில் மறையும்வரை நின்றுவிட்டு, அந்த அம்மாள் எதிர்ச் சாரிக்கு வந்து, என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

‘எங்க ஊருக்குக் கடைசி பஸ்சு போயிருச்சா தம்பி?’ என்று கேட்டார்.